நாலாவது கட்டத்து மூச்சு

மூன்றாவது டேக்கும் போயிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரிய ஹாலில் முப்பத்தெட்டு வாத்தியமும் ஒன்றாக நின்றன. வயலின்காரர்கள் வில்லை மடியில் போட்டுக்கொண்டு கூரையைப் பார்த்தார்கள், புல்லாங்குழல்காரர் குழலைக் கைக்குட்டையால் துடைத்தார், ஒருத்தர்கூட முகம் சுளிக்கவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது, வாய்விட்டுத் திட்டினால்கூடத் தேவலை என்று சாலோமிக்குத் தோன்றியது. ஒலிப்பதிவு நடத்துகிற கன்சோல் ரூமின் பின்சுவரை ஒட்டிப் போட்டிருந்த பெஞ்சில் அவள் இந்த ஓரத்திலும் தங்கச்சி யூனிஸ் அந்த ஓரத்திலும் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் இருக்க வேண்டிய கடைசித் தங்கச்சி பெர்சிஸ் வாய்ஸ் ரூமுக்குள் தனியாக நின்றுகொண்டிருந்தாள். மணி பன்னிரண்டு ஐந்து. ஒரு மணிக்குக் காலைக் கால்ஷீட் முடிகிறது. ரெண்டு மணிக்கு வேறொரு பாட்டுக்காகப் பெரிய பாடகி வருகிறார், பேரைச் சொன்னால் பெட்டிக்கடைக்காரன்கூட ரேடியோவைச் சத்தமாக வைப்பான், ஒரு மணிக்குள் பெர்சிஸ் பாடி முடிக்காவிட்டால் இந்தப் பாட்டையும் அந்த அம்மாவே பாடிவிட்டுப் போய்விடுவார், அவருக்கு இது பத்து நிமிஷத்து வேலை. பெர்சிஸுக்கு? காலையில் மூன்று பேரும் வழக்கம்போலக் கோரஸ் பாடத்தான் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். இசையமைப்பாளர் கார்வண்ணன் ஆர்மோனியத்தில் மெட்டைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார், பெர்சிஸ் திருப்பிப் பாடினாள், அவர் கையை எடுத்தார். "இன்னொரு தடவை பாடும்மா, நீ மட்டும்." பாடினாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "இந்தப் பாட்ட நீயே பாடிடு," என்றார். அவ்வளவுதான், ஒரு வாழ்க்கை அப்படித்தான் திரும்பும்போல, முகூர்த்தம் பார்த்தா திரும்புகிறது?

பாட்டு என்று பார்த்தால் சின்னப் பாட்டுதான். தாளம் கிடையாது, தபேலா கிடையாது, கம்பி வாத்தியங்கள் மெல்ல இழைய ஒரு பெண் ஆற்றங்கரையில் தனியாக நடந்துகொண்டே பாடுகிறாள், முதல் வரி ஆறு கட்டம் நீளம், கட்டத்துக்கு நாலு எண்ணிக்கை. 'கரையோர மணலெல்லாம் காலடிய கேக்குதய்யா.' ஒரே மூச்சில் வர வேண்டும், ஒட்டுப் போட்டால் தெரிந்துவிடும், ஒட்டே வேண்டாம் என்று கார்வண்ணன் காலையிலேயே சொல்லிவிட்டார். அந்த வரி மூன்று டேக்கிலும் ஒரே இடத்தில் உடைந்தது. 'மண' என்று வந்து ஒரு இடைவெளி, அப்புறம் 'லெல்லாம்.' ஒரு கண் சிமிட்டும் நேரம்தான், ரோட்டில் போகிறவனுக்குத் தெரியாது, ஆனால் கார்வண்ணன் ரோட்டில் போகிறவர் இல்லையே. "பயப்படறா," என்றார் அவர் சவுண்ட் எஞ்சினியர் உதயனிடம். உதயன், "மூச்சு பத்தல சார், சின்னப் பொண்ணுதானே," என்றார். யூனிஸ் கையில் இருந்த குரோஷா பின்னல் ஊசியை நிறுத்தாமலே சாலோமியின் பக்கம் சாய்ந்து, "காலையில ரெண்டே ரெண்டு இட்லிதாங்கா தின்னா, தின்னுட்டி தின்னுட்டின்னு தலைதலையா அடிச்சிக்கிட்டேன்," என்றாள். மூச்சு பத்தலையா. பெர்சிஸுக்கா. போன ஈஸ்டருக்குச் சர்ச்சில் கடைசி ஆமெனைப் பிடித்தாளே, ஆர்கன்காரர் தூக்கிய கையை எப்போது வைப்பது என்று தெரியாமல் திரும்பிப் பார்த்தாரே, அவளுக்கா மூச்சு பத்தாது. இவர்களுக்கு என்ன தெரியும். அந்தக் குரல் எங்கேயிருந்து வந்தது என்று இவர்களுக்கு எப்படித் தெரியும்.

அது சாலிகிராமத்து வீட்டு ஹாலில், சாயங்கால ஜெபத்திலிருந்து வந்தது. அப்பா அருமைநாயகம் தெற்கே நாசரேத்திலிருந்து, வயலினைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு வயோலாவோடும் சர்ச்சுப் பாமாலைப் புத்தகத்தோடும் ரயிலேறி வந்தவர், சினிமா ஆர்க்கெஸ்ட்ராவில் வயோலா வாசிப்பதும் வீட்டில் நாலு குரலில் பாமாலை பாடுவதும் அவருக்கு ஒரே ஊழியம். அவர் கீழ்க்குரல், அம்மா ரெண்டாவது குரல், சாலோமி மேல்குரல், யூனிஸ் நடுக்குரல். யூனிஸுக்குப் பதினாலு வயசில் பொன்னுக்குவீங்கி வந்து கன்னம் ரெண்டும் இட்லிபோல வீங்கிப் படுத்துக்கிடந்தாள், அன்றைக்கு ஜெபத்தில் நடுக்குரல் இல்லை, வீடே பல் விழுந்த வாய்போல இருந்தது, சரி மூன்று குரலில் ஓட்டுவோம் என்று அப்பா தொடங்கினார். ரெண்டாவது வரியில் நடுக்குரல் வந்துவிட்டது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள், சாலோமி முதலில் யூனிஸ்தான் எழுந்து வந்துவிட்டாள் என்று நினைத்தாள், கண்ணைத் திறந்தால் நாலு வயசுப் பெர்சிஸ், சப்பிய கட்டைவிரலை வாயிலிருந்து எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, வார்த்தையே தெரியாமல், 'ஆ ஆ' என்று அந்த நடுக்குரலைப் பிசகாமல் பாடிக்கொண்டு நிற்கிறாள். யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. அப்பா பாட்டை நிறுத்தவில்லை, ஆமென் வரைக்கும் கொண்டுபோய் முடித்துவிட்டு, குனிந்து, "ஏன் பாப்பா பாடின?" என்று கேட்டார். "அங்க ஆள் இல்லப்பா," என்றாள். அன்றைக்கு ராத்திரி அம்மா சாலோமியிடம், இது நம்ம எல்லாரையும் தாண்டிப் போயிரும்ட்டி, என்று சொன்னாள், சொல்லும்போது சந்தோஷமா பயமா என்று அவள் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. சாலோமிக்கு அன்றைக்குப் பதினெட்டு. கர்வமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. கர்வத்தோடு இன்னொன்றும் இருந்தது, அதற்கு அப்போது பேர் தெரியாது.

சிவப்பு விளக்கு எரிந்தது. நாலாவது டேக். வாத்தியங்களை நடத்துகிற கண்டக்டரின் கை எழுந்தது, கம்பிகள் மெல்லப் புறப்பட்டன, 'கரையோர' என்று ஸ்பீக்கரில் பெர்சிஸ் வந்தாள், சும்மா சொல்லக் கூடாது, அந்த முதல் சொல்லுக்கே கையெடுத்துக் கும்பிடலாம், 'மண' என்றாள், அந்த நேரத்தில் சாலோமியின் அடிவயிறு உள்ளே இழுத்துப் பிடித்தது. இழுத்துப் பிடித்து ஒரு அழுத்தம் கொடுத்தது. 'லெல்லாம்' என்றதும் விட்டுவிட்டது. "கட்," என்றார் கார்வண்ணன். சாலோமி தன் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கிறவளுக்கு வயிறு எதற்கு இழுக்க வேண்டும். பாடுகிறது அவள், இழுப்பது இவளுக்கு. அப்போதுதான் புரிந்தது, புரிந்ததும் காது சூடாகிவிட்டது. நாலாவது கட்டம். மூன்றாவது எண்ணிக்கை. அது மூச்சு பத்தாமல் உடைகிற இடம் இல்லை, அது பெர்சிஸ் மூச்சு எடுக்கிற இடம்.

கோரஸ் என்றால் என்ன என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது, பத்துப் பேர் பின்னால் நின்று 'லாலலா' என்கிறார்கள் என்று நினைப்பு. மூன்று பேர் ஒரு நீளமான வரியைப் பாடும்போது நடுவில் எங்கேயும் காற்று விழக் கூடாது, மூன்று பேரும் வரியின் கடைசியில் ஒன்றாக மூச்சு எடுத்தால் அங்கே ஒரு குழி விழும், அதனால் ஒவ்வொருத்தியும் வெவ்வேறு இடத்தில் ரகசியமாக மூச்சை எடுத்துக்கொள்ள வேண்டும், அவள் எடுக்கிற அந்த அரை நொடி மற்ற ரெண்டு பேரில் அவளுக்கென்று இருப்பவள் ஒரு இழை கூடுதலாகக் கொடுத்து மூடிவிட வேண்டும். சொல்லின் ஓரத்தில் எடுக்கக் கூடாது, அங்கேதான் கேட்கிறவன் காது விழித்திருக்கும், சொல்லின் நடு வயிற்றில் எடுத்தால் யாருக்கும் தெரியாது. இது சர்ச்சுப் பாடகர் குழு வழக்கம், அப்பா அதைப் பென்சிலால் பாமாலைப் புத்தகத்தில் குறித்து வைத்திருந்தார், நோட்டேஷன் தாளில் கோடு போட்டுப் பிரித்த துண்டைச் சினிமாக்காரர்கள் 'பார்' என்பார்கள், அவர் கட்டம் என்பார், முதல் ஆளுக்கு ரெண்டாவது கட்டம், ரெண்டாவது ஆளுக்கு மூன்றாவது கட்டம், மூன்றாவது ஆளுக்கு நாலாவது கட்டம், பாட்டு எதுவானாலும் சரி, பரிசுத்த பாட்டானாலும் டப்பாங்குத்து ஆனாலும் சரி. சாலோமி, யூனிஸ், அம்மா. அந்த மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே நுரையீரல் என்று ஒரு பெரிய இசையமைப்பாளர் சிரித்துக்கொண்டே சொன்னார், அந்த ஒரு வாக்கியத்தை அம்மா சாகும்வரை வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா போன பிறகு அந்த இடத்தில் பதினாறு வயசுப் பெர்சிஸ் வந்து நின்றாள். அம்மாவின் நாலாவது கட்டத்தை எடுத்துக்கொண்டாள். எட்டு வருஷம். எத்தனை பாட்டு, எத்தனை வரி, ஒவ்வொன்றிலும் நாலாவது கட்டத்தில் அவள் விடுவாள், சாலோமி பிடிப்பாள், யோசித்துச் செய்வதில்லை, கண் இமைப்பதுபோலத் தன்னால் நடக்கும். யூனிஸ் பிடிப்பது சாலோமியின் இடத்தை, அதனால்தான் யூனிஸுக்கு இப்போது ஒன்றும் தெரியவில்லை, இட்லிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பெர்சிஸுக்கே தெரியாது. மூச்சு பத்தவில்லை என்று அவளும் நம்பிவிட்டாள், பாவம், ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி இன்னும் பெரிசாக இழுத்துக்கொள்கிறாள், எவ்வளவு இழுத்து என்ன, அந்த இடம் வந்ததும் உடம்பு தானாக விட்டுவிடுகிறது. இந்த உலகத்தில் இப்போது இதைத் தெரிந்தவள் ஒருத்திதான். எழுந்து போய்ச் சொல்ல எட்டு அடி நடந்தால் போதும்.

ஐந்தாவது டேக். சாலோமி எழுந்திருக்கவில்லை. கன்சோல் ரூமில் கோரஸ்காரர்கள் பேசக் கூடாது, அது எழுதாத சட்டம், டீ வந்தால் வாங்கிக் குடிக்கலாம், கேட்டால் பதில் சொல்லலாம், கேட்காமல் வாயைத் திறந்தால் அடுத்த கால்ஷீட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள். அது ஒரு காரணம். நல்ல காரணம்தான். அப்புறம் கார்வண்ணன் காதில் விழுகிற மாதிரி இதைச் சொன்னால் என்ன ஆகும், ஓ, கோரஸ் பழக்கமா, என்பார், அந்த ஒரு வார்த்தை போதும், கோரஸ்காரி என்று முத்திரை விழுந்த குரலுக்கு இந்த ஊரில் தனிப்பாட்டு கிடையாது, அவள் நல்லதுக்குத்தான் பேசாமல் இருக்கிறோம். இதுவும் நல்ல காரணம். ரெண்டு நல்ல காரணம் சேர்ந்து ஒருத்தியைப் பெஞ்சில் உட்கார வைக்க முடியாதே, அப்படியானால் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. 'மண', இடைவெளி, 'லெல்லாம்.' வயிறு இழுத்தது. "கட்." இந்தத் தடவை கார்வண்ணன் உள்ளே கேட்கிற டாக்பேக் பட்டனை அழுத்தி, "ரிலாக்ஸா பாடும்மா, உன்ன யாரும் கடிச்சுத் தின்னப் போறதில்ல," என்றார், ஹாலில் ரெண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பெர்சிஸும் சிரிக்கப் பார்த்தாள். உதயன், "மைக்குக்குக் கிட்ட வாம்மா, ஏன் திரும்பத் திரும்பப் பின்னாடி போற?" என்றார். ஏன் போகிறாள் என்று அவரே மறந்துவிட்டார். எட்டு வருஷத்துக்கு முன்னால், முதல் நாள், அந்தக் குரல் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது என்று சாக்பீஸால் தரையில் ஒரு கோடு போட்டு, அக்காக்களுக்கு ஒரு அடி பின்னால் அவளை நிற்கவைத்தது அவர்தான். அந்தக் கோடு எப்போதோ அழிந்துவிட்டது, அவள் அழியாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

துருத்திக்கொண்டு நிற்கிற குரல். சாலோமிக்கு அது வாய்க்கவில்லை. பத்தொன்பது வயசில் அவளையும் ஒரு இசையமைப்பாளர் தனியாகக் கூப்பிட்டுப் பாடச் சொன்னார், இதே மாதிரி ஒரு காலை, வேறு ரெக்கார்டிங் தியேட்டர், அம்மா வெளியே மரத்தடியில் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். ஒரே டேக். பிசகே இல்லை. அவர் அதை மூன்று தடவை போட்டுக் கேட்டார், மூன்றாவது தடவை கேட்டுவிட்டு, "ரொம்ப நல்லாப் பாடியிருக்கம்மா, ஆனா பாடறது யாருன்னு தெரியலியே," என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார், நல்ல மனுஷன். அப்பா அன்றைக்கு ராத்திரி வயோலா வில்லில் ரோசின் பிசின் தேய்த்துக்கொண்டே, யாருன்னு தெரியாமப் பாடுறதுதாம்மா கஷ்டம், தெரியிற மாதிரி எல்லாரும் பாடிருவான், என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. வயோலா வாசிக்கிறவருக்கு அது தெரியும், வயலினை எல்லோரும் கேட்பார்கள், செல்லோவை எல்லோரும் ரசிப்பார்கள், நடுவில் வயோலா இருப்பது அதை நிறுத்தினால்தான் தெரியும். சாலோமி அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள், பத்தொன்பது வருஷமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், ஆயிரக்கணக்கான பாட்டில் அவள் குரல் இருக்கிறது, எதிலும் அவளைக் கண்டுபிடிக்க முடியாது, அதில் ஒரு பெருமையும் உண்டு, வீம்பும் உண்டு. ஒரு தடவை கல்யாண வீட்டில் அவள் பாடிய பாட்டே ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், நீங்க பாடுவீங்களா, என்று கேட்டாள். சர்ச்சில் பாடுவேன் என்று சொன்னாள். சாப்பாடு நன்றாக இருந்தது.

ஆறாவது டேக் தொடங்கும் முன்பே நின்றுவிட்டது, செல்லோக்காரர் ஒருவருக்குக் கம்பி அறுந்துவிட்டது. மாற்றுகிற நேரத்தில் சாலோமி கண்ணாடி வழியாகத் தங்கச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெட்ஃபோனைக் கழுத்தில் இறக்கிவிட்டு, கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய அந்த வரியைத் தனக்குள்ளே ஓட்டிப் பார்க்கிறாள். தமிழ் அரிச்சுவடி எழுத வருமுன்னே நோட்டேஷன் படித்த பிள்ளை, காப்பி எழுதுகிறவர் கழித்துப்போட்ட தாள்கள்தான் அவளுக்கு விளையாட்டுச் சாமான், காலித் தாள் கிடைத்தால் ஐந்து கோடு போட்டுப் பொட்டு வைப்பாள். கைக்குழந்தையாக இருந்தபோது அப்பாவின் வயோலாப் பெட்டியில்தான் தூங்கினாள், வெல்வெட்டு நனைந்துபோனதற்கு அப்பா யாரையும் கோபிக்கவில்லை. ஒன்பது வயசில் இதே தியேட்டர் வராந்தாவில் உட்கார்ந்து கொய்யா தின்றுகொண்டிருந்தவள், கதவிடுக்கில் வந்த சத்தத்தைக் கேட்டுவிட்டு, "இன்னைக்கி மூணாவது வரிசையில யாரோ வரலக்கா," என்றாள், உள்ளே போய்ப் பார்த்தால் வயலினில் ஒருவர் காய்ச்சல் என்று லீவு. சர்ச்சில் ரெண்டு அக்காக்களும் பாடும்போது பெஞ்சில் உட்கார்ந்து உன்னிப்பாகப் பார்ப்பாள், வீட்டுக்கு வந்து, சாலோமிக்கா அந்த மேல் 'க'வைத் தொடும்போது எங்கே நாக்கை வைக்கிறாய் என்று கேட்பாள், கேட்டு, பாடி, சாலோமி பாடியதைவிட அழகாகப் பாடிக் காட்டிவிட்டு, சரியா, என்பாள். சரிதான். என்ன சொல்ல. கற்றுக்கொடுக்க ஒன்றுமில்லாத பிள்ளைக்கு அக்காவாக இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதைவிடக் கஷ்டம், அவள் பாடுவதைக் கேட்டால் சந்தோஷமாக இருந்துவிடுகிறது. பொறாமைப்படலாம் என்று உட்கார்ந்தாலும், அவள் வாயைத் திறந்ததும் அது கலைந்துபோகிறது, மறுபடி சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கிறது.

அந்த மூன்றாவது காரணம் இதுதான். இவள் போய்விட்டால் நாலாவது கட்டம் யாருக்கு. ரெண்டு பேர் கோரஸ் என்று ஒன்று கிடையாது. புதுசாக ஒருத்தியைப் பிடித்துக்கொண்டுவந்து நிறுத்தலாம், குரல் சேரும், மூச்சு சேராது. யூனிஸுக்குக் குரோஷாவும் ரெண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள், சாலோமிக்கு என்ன இருக்கிறது, முப்பத்தெட்டு வயசில் யாருக்கும் தெரியாத ஒரு குரல், அதுவும் மூன்றில் ஒரு பங்கு. ஆறாவதும் ஏழாவதும் அதே இடத்தில் உடைந்து போயின. பேசாமல் இருந்தால் போதும், ஒரு மணி ஆகும், பெரிய பாடகி வருவார், பெர்சிஸ் ஆட்டோவில் அழுவாள், நாலு நாள் சாப்பிட மாட்டாள், அப்புறம் திங்கட்கிழமை மூன்று பேரும் மைக் முன்னால் நிற்பார்கள், அவள் ஒரு அடி பின்னால். யாரும் எந்தப் பாவமும் செய்ததாக ஆகாது. நான் ஒன்றும் செய்யவில்லையே, சும்மாதானே உட்கார்ந்திருந்தேன் என்று கர்த்தரிடம்கூடச் சொல்லலாம், அவர் நம்ப மாட்டார், ஆனால் சொல்லலாம். எட்டாவது டேக்கில் பெர்சிஸின் குரல் கொஞ்சம் கம்மியது. களைத்துவிட்டாள், பெரிசு பெரிசாக மூச்சிழுத்து நெஞ்சு வலித்திருக்கும். கார்வண்ணன் "கட்" என்றுகூடச் சொல்லவில்லை, கையை மட்டும் தூக்கினார். ஹாலில் வயோலா வரிசையில் கடைசி நாற்காலியில் அப்பாவின் வழுக்கைத்தலை தெரிந்தது. அவருக்கு ஹெட்ஃபோன் கிடையாது, மகள் எங்கே உடைகிறாள் என்று அவருக்குக் கேட்காது, நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிறார், தொடங்கச் சொன்னால் தொடங்குகிறார், இத்தனை டேக்கிலும் வாய்ஸ் ரூம் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, வேலை நேரத்தில் மகள் என்று பார்க்கக் கூடாது என்பது அவர் கொள்கை. ஆனால் வில்லை வைத்திருந்த கை மடியில் சும்மா இல்லை, விரல்கள் ஒவ்வொன்றாகக் கட்டத்தை எண்ணிக்கொண்டிருந்தன. மணி பன்னிரண்டு ஐம்பது. கார்வண்ணன் நாற்காலியில் சாய்ந்து, "கடைசியா ஒண்ணு போவோம், உதயா. வரலேன்னா ரெண்டு மணிக்கு அந்த அம்மாவே பாடட்டும்," என்றார். பெர்சிஸுக்கு அது கேட்கவில்லை, டாக்பேக் அணைந்திருந்தது. ஆனால் அவள் கண்ணாடி வழியாக அவர் முகத்தைப் பார்த்தாள், பார்த்துவிட்டு அக்காவைப் பார்த்தாள். உதவி கேட்கவில்லை. நாலு வயசில் ஜெபத்தில் ஆள் இல்லாத இடத்தில் போய் நின்றவள், ஆள் தேடிப் பழக்கமில்லாதவள். சும்மா பார்த்தாள், அக்கா உட்கார்ந்திருக்கிறாளா என்று.

சாலோமி எழுந்துவிட்டாள். எழுந்ததை யூனிஸ்தான் முதலில் பார்த்தாள், "எங்கக்கா போற?" என்றாள், உதயன் திரும்பிப் பார்த்து, "என்னம்மா?" என்றார், அதற்குள் அவள் நடக்கத் தொடங்கியிருந்தாள். எட்டு அடிதான். வாய்ஸ் ரூமின் கதவு கனமானது, ரெண்டு கையாலும் இழுக்க வேண்டும், உள்ளே போனதும் வெளிச்சத்தம் எல்லாம் அடைத்துப்போய்ப் பெர்சிஸின் மூச்சு மட்டும் கேட்டது. மைக் திறந்திருக்கிறது என்று தெரியும், அதனால் ஸ்டாண்டை முதுகால் மறைத்துக்கொண்டு காதருகே குனிந்தாள். வேர்வையும் விக்ஸும் கலந்த வாசனை. "ஏட்டி, மூச்சு ஒனக்குப் பத்தாமலா போவுது. நாலாவது கட்டத்துல நீ மூச்ச எடுக்குத, பழக்கத்துல. அங்க நான் இல்ல கேட்டியா. யாரும் பிடிக்க மாட்டாங்க. நீயே போ." பெர்சிஸ் அவளைப் பார்த்தாள். ஒரு கணம் ஒன்றும் புரியாத முகம், அடுத்த கணம் எல்லாம் புரிந்த முகம், அந்த ரெண்டுக்கும் நடுவில் இன்னொரு முகமும் வந்து போனது, அதைச் சாலோமி பார்க்க விரும்பவில்லை. தோளைப் பிடித்து ஒரு அடி முன்னால் தள்ளி நிறுத்தினாள். வெளியே வந்து கதவைச் சாத்தினாள். கார்வண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணி கேட்டா சார், அப்புறம் குடிச்சுக்கன்னு சொன்னேன்," என்றாள். இருபது வருஷத்தில் அந்த அறையில் கேட்காமல் அவள் பேசிய முதல் வாக்கியம் அதுதான், அதுவும் பொய்.

சிவப்பு விளக்கு. கண்டக்டரின் கை. கம்பிகள். 'கரையோர' என்று அவள் புறப்பட்டபோது சாலோமி பெஞ்சின் விளிம்பை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், ஒண்ணாவது கட்டம், ரெண்டாவது கட்டம், தன் இடம், மூன்றாவது கட்டம், யூனிஸின் இடம், 'மண' வந்தது, வயிறு இழுத்தது, இழுக்காதே என்று சொன்னாலும் கேட்கிற வயிறா அது, இழுத்துப் பிடித்துக் காத்துக்கொண்டிருந்தது, பிடிப்பதற்கு ஒன்றும் வரவில்லை. 'லெல்லாம்' என்று அவள் பாட்டுக்கு நடந்து போய்விட்டாள். வாசலில் கை நீட்டி நிற்கிற ஆளைக் கடந்து பிள்ளை தன்பாட்டில் ரோட்டைத் தாண்டிப் போவதுபோலப் போனாள், 'காலடிய' என்றபோது அந்தக் குரலுக்குள் இதுவரை கேட்டிராத ஒன்று வந்தது, சொரசொரப்பா, ஈரமா, தெரியவில்லை, எட்டு வருஷமாக ரெண்டு அக்காக்களின் குரலில் கரைத்துக் கரைத்து வைத்திருந்தது எல்லாம் கரையாமல் அப்படியே நின்றது, 'கேக்குதய்யா' என்று அவள் முடித்த இடத்தில் செல்லோக்கள் வந்து வாங்கிக்கொண்டன. பாடறது யாருன்னு கேட்க வேண்டிய அவசியமே இல்லை. பெர்சிஸ் பாடுகிறாள். சாலோமிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவில்லை, யார் பார்த்தால் என்ன, எவ்வளவு அழகாகப் பாடுகிறாள், நம்ம வீட்டுப் பிள்ளை, நம்ம அம்மா பெற்ற பிள்ளை, இதைப் போய் நாலு டேக் மூடி வைத்திருந்தோமே. பாட்டு கடைசிவரை போயிற்று. கடைசிச் சுரம் அடங்கி, விளக்கு அணையும்வரை யாரும் அசையவில்லை. அப்புறம் ஹாலில் வயலின்காரர்கள் வில்லால் ஸ்டாண்டைத் தட்டினார்கள், வாத்தியக்காரர்கள் கைதட்டுவது அப்படித்தான், வயோலா வரிசையின் கடைசி நாற்காலி மட்டும் தட்டவில்லை, அவர் குனிந்து பெட்டிக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார், வெகுநேரம் தேடினார். கார்வண்ணன், "ஓகே. சாப்பிடப் போங்க," என்றார். மணி பன்னிரண்டு ஐம்பத்தேழு.

பெர்சிஸ் வெளியே வந்தபோது ரவிக்கையின் முதுகு நனைந்து ஒட்டியிருந்தது. யூனிஸ் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள், உதயன் கைகொடுத்தார், கார்வண்ணன் ஏதோ விலாசம் கேட்டார், பேரை எப்படிப் போடுவது என்று கேட்டார், எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அவள் பெஞ்சுக்கு வந்து, நடுவில், தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, கூஜாவைத் திறந்து தண்ணீர் குடித்தாள். குடித்துவிட்டு மூடியைத் திருகிக்கொண்டே, அக்காவைப் பார்க்காமல், "ஒனக்கு எப்பக்கா தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

இப்பத்தான் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். எட்டாவது டேக்கில் என்று சொன்னாலும் நம்பியிருப்பாள், அல்லது நம்புகிற மாதிரி இருந்திருப்பாள். "நாலாவது டேக்ல," என்றாள் சாலோமி.

பெர்சிஸ் கூஜாவைக் கீழே வைத்தாள். எண்ணிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. ஹாலில் நாற்காலிகளை இழுக்கிற சத்தம், பெட்டிகளைச் சாத்துகிற சத்தம். "ஐஞ்சு, ஆறு, ஏழு, எட்டு," என்றாள். இருக்கட்டும், கேட்கட்டும், கேட்கிற உரிமை அவளுக்கு இருக்கிறது. பெர்சிஸ் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் திரும்பி, அக்காவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நானா இருந்தா மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு, அந்த அம்மா பாடிட்டுப் போன பொறவுதான் சொல்லிருப்பேன்," என்றாள்.